கை நடுங்கினால் நல்ல சீட்டு

பிப்ரவரி 9
நீரேற்று நிலையக் குடியிருப்பு

அன்புள்ள மச்சானுக்கு,

அத்தான் எழுதுவது. நானும் உன் அக்காவும் இங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அக்காவுக்கு மேட்டில் ஏறும்போது மட்டும் முழங்கால் வலிக்கிறதாம். இங்கே வீட்டை விட்டு வெளியே கால் வைத்தாலே மேடுதான், அதனால் எந்நேரமும் வலிக்கிறது என்று வைத்துக்கொள். நீ, தங்கச்சி, பாப்பா எல்லாரும் சுகந்தானே?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். இங்கே சிக்னல் வேண்டுமானால் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி நிற்க வேண்டும். ஏறினாலும் உன் அக்கா கீழே நின்றுகொண்டு, "அதக் கேளுங்க, இதச் சொல்லுங்க, அப்படிச் சொல்லாதீங்க" என்று குரல் கொடுப்பாள். பேசுவது நானா அவளா என்று உனக்கே சந்தேகம் வந்துவிடும். கடிதம் என்றால் என் பேச்சு என்னுடையது.

விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு மாற்றல் வந்த பிறகு நம் சனிக்கிழமைப் போக்கர் மேசையை உன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்க் காப்பாற்றுகிறாயே, அதற்கு நான் ஏதாவது செய்ய வேண்டும். காசு வைத்து ஆடாத மேசை, தோற்றவர் எல்லார் கோப்பையையும் கழுவ வேண்டும் என்கிற மேசை, ஊரில் வேறெங்கே இருக்கிறது? ஆனால் பந்தயம் வைக்க நம்மிடம் இருப்பது பழைய பிளாஸ்டிக் சில்லுகள். தொலைந்ததற்குப் பதிலாகத் தையல்காரம்மாவின் சட்டைப் பொத்தான்கள். பொத்தானை முன்னால் தள்ளிவிட்டு எதிராளியை மிரட்டுவது எனக்கே கேவலமாக இருந்தது.

ஒரு நல்ல செட் வாங்கித் தரப் போகிறேன். கடைக்காரர் இரண்டு வகை சொல்கிறார். ஒன்று மண் சில்லு, இன்னொன்று செராமிக் சில்லு. எதை வாங்கலாம்? நீ காலையிலிருந்து மாலை வரை பீங்கானில் பல் செய்கிறவன், உன்னைக் கேட்காமல் யாரைக் கேட்பேன்? எனக்கென்னவோ நீ பீங்கான் பக்கம்தான் சாய்வாய் என்று தோன்றுகிறது.

ஜூலையில் லீவு கிடைக்கும். வந்து உங்கள் எல்லாரையும் கோப்பை கழுவ வைக்கிறேன். அதுவரை நான் சொல்லிக்கொடுத்த விதியை மறக்காமல் ஆடுங்கள். சில்லை எடுக்கும்போது ஒருவனுக்குக் கை நடுங்கினால் அவனிடம் நல்ல சீட்டு இருக்கிறது, மோதாமல் நம் சீட்டைக் கவிழ்த்து விலகிவிட வேண்டும். 

தங்கச்சிக்கும் பாப்பாவுக்கும் அன்பு.

உன் அத்தான்

*

மார்ச் 3

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. இங்கே உங்கள் தங்கச்சி நலம். பாப்பாவுக்குப் பரீட்சை, அதனால் வீட்டில் யாரும் சத்தமாகத் தும்மக்கூடாது. நம் மேசைக்காரர்களில் வாத்தியாருக்கு ரத்த அழுத்தம் இறங்கியிருக்கிறது. தையல்காரம்மா புதுக் கண்ணாடி போட்டிருக்கிறார். பூனைக்குக்கூடச் சளி சரியாகிவிட்டது. அக்காவின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறீர்களா?

நீங்கள் சொன்ன கடையின் கிளை இங்கேயும் இருக்கிறது. இரண்டு வகையிலும் மாதிரிக்குக் கொஞ்சம் வாங்கிவந்தேன். முதலில் ஒரு விஷயம். செராமிக் என்று பெயர்தானே தவிர, நான் சூளையில் சுடுகிற பீங்கானுக்கும் இதற்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. இது ஒருவகைப் பிசினை அச்சில் வார்த்தது. பல்லில் தட்டிப் பார்த்தேன். பீங்கான் பல்லில் தட்டினால் ஒரு குளிர்ச்சி தெரியும், இதில் இல்லை. மண் சில்லும் முழுக்க மண் என்று சொல்ல முடியாது, மண்ணோடு என்னென்னவோ கலந்து அழுத்தியிருக்கிறார்கள். ஆனால் அதில் மண்ணின் குணம் இருக்கிறது.

மண் சில்லு சொரசொரப்பாக இருக்கிறது. ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் பிடித்துக்கொள்கிறது, அடுக்கு நழுவுவதில்லை. செராமிக் வழவழப்பு. பார்க்க அழகு, ஓரம்வரை படம் அச்சடிக்கலாம், ஆனால் அடுக்கைத் தள்ளினால் சரிந்துவிடுகிறது. சத்தமும் அதிகம். மண் சில்லு தொப்பென்று விழும். செராமிக் கலகலவென்று ஊரைக் கூட்டும்.

எனவே மண் சில்லே வாங்குங்கள் அத்தான். 

பல் செய்யும் கூடத்தில் எனக்குப் பிரிவு மாறியிருக்கிறது. இப்போது நிறம் பார்க்கும் வேலை. வருகிறவரின் பல் எந்த வெள்ளை என்று பார்த்துச் சொல்ல வேண்டும். கண்ணுக்கு வேலை, கைக்கு ஓய்வு. நல்ல மாற்றம்தான்.

அக்காவுக்கு என் அன்பு.

உங்கள் மச்சான்

*

மார்ச் 21

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கே எல்லாம் வழக்கம்போல. ஒத்தடம் கொடுக்கிறேன், திட்டும் வாங்குகிறேன். "சூடு பத்தல" என்றாள், அடுத்த நிமிஷம் "வெந்துடுச்சு" என்றாள். அங்கே பரீட்சை முடிந்ததா? எல்லாரும் தும்மத் தொடங்கியாகிவிட்டதா?

உன் கடிதத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். என்னப்பா எழுத்து அது? முதல் வரியில் கடுகு அளவில் இருக்கிறது, போகப்போக அதையும் அரைத்துவிட்டாய். கடைசி வரியை எறும்பு இழுத்துக்கொண்டு போகிறதோ என்று பார்த்தேன். தாள் பற்றாக்குறை என்றால் சொல், ஆபீஸிலிருந்து ஒரு கட்டு அனுப்புகிறேன்.

மண் சில்லா? உன்னிடமிருந்தா? நான் நம்பவே இல்லை. இங்கே பம்பு இயக்குகிறவரின் வீட்டில் செராமிக் செட் இருக்கிறது. போன வாரம் ஆடிப்பார்த்தேன். கைக்கு என்ன சுகமாக இருக்கிறது தெரியுமா! அழுக்கானால் சோப்புத் தண்ணீரில் போட்டு அலசிவிடலாம். மண் சில்லில் தண்ணீர் பட்டால் ஊறிப்போகும், விழுந்தால் ஓரம் உதிரும் என்கிறார்கள். தண்ணீர் இலாகாவில் வேலை பார்க்கிறவன் தண்ணீர் ஆகாத பொருளை வாங்கினால் சிரிக்க மாட்டார்களா? சத்தம் அதிகம் என்கிறாய். சத்தம்தானே அழகு? யோசிக்கிறவன் சில்லை உருட்டுகிற சத்தம் கேட்காவிட்டால் அது போக்கரா, தியானமா?

நீயும் நானும் சண்டை போட வேண்டாம். மாதிரிச் சில்லுகளை மேசையில் வைத்து எல்லாரையும் ஆடச் சொல். பெரும்பான்மை எதுவோ அதுவே வாங்குவோம்.

நிற வேலை கிடைத்ததற்கு வாழ்த்துகள். ஆனாலும் நீ அடுக்கிய பீங்கான் முன்பல்லை வாயில் வைத்துக்கொண்டுதான் நான் இதை எழுதுகிறேன். அந்தக் கைக்கு எதற்கு ஓய்வு?

அன்புடன்,
அத்தான்

*

ஏப்ரல் 18

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் தங்கச்சியும் பாப்பாவும் சௌக்கியம். பரீட்சை முடிந்து இப்போது முடிவுக்காகக் காத்திருக்கிறோம். வாத்தியார் உங்களை விசாரித்தார்.

தாமதத்துக்கு மன்னியுங்கள். நீங்கள் சொன்னபடியே மேசையில் வைத்தோம். ஒரு சனிக்கிழமை மண், அடுத்த சனிக்கிழமை செராமிக். வாத்தியார் செராமிக். அவர் நினைத்து நினைத்துச் சில்லைத் தட்டிக்கொண்டிருப்பார், சத்தம் வந்ததும் குழந்தை மாதிரி ஆகிவிட்டார். தையல்காரம்மாவும் செராமிக்தான். "மண்ணுல ஒரு பொடி ஒட்டுதுங்க, நாளைக்கு நான் வெள்ளத் துணி தைக்கணும்" என்றார். உங்கள் தங்கச்சி எனக்காக மண் என்று சொன்னாள். நான் மண்.

இரண்டுக்கு இரண்டு. உங்கள் ஓட்டு எது என்று எல்லாருக்கும் தெரியும்.

ஆனாலும் ஒருமுறை யோசியுங்கள். சின்ன வீடு, பக்கத்து அறையில் பாப்பா படிப்பாள். சத்தம் குறைந்தால் நல்லது.

ஆட்டத்தில் எனக்கு நல்ல காலம். நான் சில்லைத் தொட்டாலே எல்லாரும் கவிழ்த்துவிடுகிறார்கள். கோப்பை கழுவி ரொம்ப நாளாகிறது.

உங்கள் மச்சான்

*

மே 30

அன்புள்ள மச்சானுக்கு,

பாப்பா தேறிவிட்டாள் என்று தங்கச்சி அக்காவுக்குச் சொல்லியிருக்கிறாள். என் வாழ்த்தைச் சொல். இங்கே கோடை, அணையில் தண்ணீர் இறங்கிவிட்டது, அதனால் எனக்கு வேலை ஏறிவிட்டது. பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்கு அதுதான் காரணம். உடம்புக்கு ஒன்றும் இல்லை.

வாத்தியார் ஆபீஸ் போனில் கூப்பிட்டிருந்தார். உன் நல்ல காலத்தின் ரகசியத்தைச் சொல்லிவிட்டார். "உங்க மச்சானுக்கு சீட்டு நல்லா விழுந்தா போதும், கை அப்படியே ஆடுது. நீங்க சொன்ன விதி நூத்துக்கு நூறு சரி. நாங்க யாரும் மோதறதே இல்ல" என்றார். நான் ஆபீஸ் என்றும் பாராமல் கைதட்டாத குறைதான். எத்தனை வருஷமாகச் சொல்கிறேன்! உன் மூஞ்சி கல் மாதிரி இருக்கும், உன்னிடமிருந்து ஒன்றும் கறக்க முடியாது என்று நானே பயந்திருக்கிறேன். இப்போது கை காட்டிக்கொடுத்துவிட்டதா? 

உனக்கு ஓர் இலவச ஆலோசனை. கையை மேசைக்குக் கீழே வைத்துக்கொள். இல்லாவிட்டால் உன்னிடம் நல்ல சீட்டு வரும்போதெல்லாம் ஊரே ஓடிவிடும், கையில் ராஜா இருந்தும் வசூல் இருக்காது.

செராமிக்கே ஆர்டர் கொடுத்துவிட்டேன். கோபிக்காதே. ஒவ்வொரு சில்லின் நடுவிலும் ஒரு காலிக் கோப்பையின் படம் போடச் சொல்லியிருக்கிறேன், தோற்கிறவருக்கு ஞாபகம் இருக்கட்டும் என்று. ஜூலையில் நானே கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
அத்தான்

*

ஜூன் 19

அன்புள்ள அத்தானுக்கு,

என் எழுத்து புரியவில்லை என்றீர்கள், அதனால் இதை டைப் செய்திருக்கிறேன். வீட்டில் இருவரும் நலம். மழை தொடங்கியது. அங்கே அணை நிரம்புகிறதா? அக்காவுக்கு ஈரத்தில் முழங்கால் கூடுதலாக வலிக்குமே, பார்த்துக்கொள்ளுங்கள்.

கோப்பைப் படம் நல்ல யோசனை. எல்லாருக்கும் பிடிக்கும்.

சனிக்கிழமை மேசையைக் கொஞ்ச நாள் நிறுத்திவைக்கலாமா என்று யோசிக்கிறேன். வேலை அதிகம். வாத்தியார் வீட்டில் வேண்டுமானால் ஆடட்டும். நீங்கள் வரும்போது எப்படி என்று பார்த்துக்கொள்ளலாம்.

உங்கள் மச்சான்

*

ஜூலை 27
நீரேற்று நிலையக் குடியிருப்பு

அன்புள்ள மச்சானுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தோம். அக்கா வழியெல்லாம் தூங்கினாள். நான் தூங்கவில்லை.

இந்தக் கடிதத்தை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். நீ படித்து முடிக்கும்வரை கோபப்படாதே.

சனிக்கிழமை உன் வீட்டில் புதுப் பெட்டியைத் திறந்ததும் எல்லாரும் குதித்தார்கள். நீயும் சிரித்தாய். ஆனால் உன் பங்குச் சில்லுகளை நீ அடுக்கவே இல்லை. குவியலாகவே வைத்திருந்தாய். நீயா? பென்சிலைக்கூட உயர வரிசையில் வைக்கிற ஆள் நீ.

பிறகு அந்த ஆட்டம். என் கையில் ராஜா ஜோடி. மேசையில் விரித்த சீட்டில் இன்னொரு ராஜா. இதைவிட என்ன வேண்டும்? நான் ஏற்றினேன். நீ அதற்கு மேல் ஏற்றினாய். சில்லை எடுக்கும்போது உன் கையில் கலகலவென்று ஒரு சத்தம் கேட்டது. வாத்தியார் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். நான் போட்ட விதியாயிற்றே, மூன்று ராஜாவையும் கவிழ்த்தேன். அடுத்த ஆட்டத்துக்குச் சீட்டைப் பொறுக்கியவன் நான். உன் இரண்டு சீட்டும் திரும்பிக்கொண்டன. ஒன்றுக்கொன்று முகம் பார்க்காத இரண்டு உதவாக்கரைச் சீட்டு.

சத்தியமாகச் சொல்கிறேன், அப்போது எனக்குச் சந்தோஷம்தான். பயல் என் விதியை வைத்தே என்னைக் கவிழ்த்துவிட்டான், வேண்டுமென்றே கையை ஆட்டி நடிக்கிறான் என்று நினைத்தேன். யாரிடமும் சொல்லாமல் உள்ளுக்குள் உன்னை மெச்சிக்கொண்டேன்.

அப்புறம் தங்கச்சி டீ கொண்டுவந்தாள். எங்களுக்கெல்லாம் கோப்பை நிறைய ஊற்றினாள். உனக்குப் பாதி. நீ குறை சொல்லவில்லை, அவளும் உன்னைக் கேட்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாய். டீ குடிக்கிறவன் யாரை ஏமாற்ற நடிப்பான்?

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் ஒவ்வொன்றாக வந்தது. கடுகு எழுத்து. டைப் கடிதம். கைக்கு ஓய்வு. நழுவாத சில்லு, சத்தம் இல்லாத சில்லு. வீட்டுக்கு வந்ததும் உன் கடிதங்களை எடுத்து மறுபடி படித்தேன். எல்லாருடைய சுகமும் எழுதியிருக்கிறாய். தங்கச்சி, பாப்பா, வாத்தியாரின் ரத்த அழுத்தம், பூனையின் சளி. உன் சுகம் ஒரு கடிதத்திலும் இல்லை. நானும் முதல் கடிதத்தில் கேட்டதோடு சரி.

இப்போது கேட்கிறேன். நீ எப்படி இருக்கிறாய்?

அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. உன் பதில் வரும்வரை சொல்ல மாட்டேன்.

உன் அத்தான்

*

ஆகஸ்ட் 24

அன்புள்ள அத்தானுக்கு,

நான் நன்றாக இல்லை.

இதை எழுதுவதற்கு இவ்வளவு நாளாகிவிட்டது. நாலைந்து முறை தொடங்கிக் கிழித்தேன். இது டைப் செய்ததல்ல, கையெழுத்து. புரியவில்லை என்றால் அக்காவிடம் கொடுங்கள், சின்ன வயதில் என் கிறுக்கலைப் படித்தவள் அவள்தான். அவளிடம் சொல்லிவிடலாம்.

போன குளிர்காலத்தில் தொடங்கியது. வலது கை. சும்மா மடியில் கிடக்கும்போது தானாக ஆடும். பிறகு வேலையிலும் வந்தது. உங்களுக்குத் தெரியும், பீங்கான் மாவைத் தண்ணீரில் குழைத்துத் தூரிகை நுனியால் ஒவ்வொரு படலமாக வைக்க வேண்டும். முன்பல்லின் ஓரம்தான் கடைசி. வெளிச்சம் ஊடுருவுகிற மாதிரி மெல்லிசாக வர வேண்டும். ஒரு பல் டாக்டர் என் வேலையைத் திருப்பி அனுப்பினார், ஓரம் அலையடிக்கிறது என்று. திரும்பச் செய்தேன். அதுவும் அலையடித்தது. யாரும் சொல்வதற்கு முன்னால் நானே முதலாளியம்மாவிடம் போய், கண் நன்றாக இருக்கிறது, நிறம் பார்க்கும் வேலை கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். அங்கேயும் நிறம் ஒப்பிடும் மாதிரிப் பல்லை உதட்டருகே அசையாமல் பிடிக்க வேண்டும். வருகிறவரையே பிடிக்கச் சொல்கிறேன். "நீங்களே பிடிச்சா உங்களுக்கு நல்லாத் தெரியும்" என்று ஒரு காரணமும் சொல்லிவைத்திருக்கிறேன்.

உங்கள் தங்கச்சிக்குத் தெரியும். நாங்கள் அதைப் பற்றிப் பேசியதில்லை. அவள் கோப்பையைப் பாதி நிரப்புகிறாள், நான் குடிக்கிறேன், அவ்வளவுதான்.

டாக்டரிடம் போகவில்லை. போனால் அதற்கு ஒரு பெயர் வைத்துவிடுவார். பயமாக இருக்கிறது அத்தான்.

ஆனால் எனக்கு எது தாங்கவில்லை தெரியுமா? தூரிகை வேலை போனதுகூட இல்லை. அந்த மேசை. முதல் வாரம் அவர்கள் கவிழ்த்தபோது நல்ல வேடிக்கையாக இருந்தது. இரண்டாவது வாரமும் சிரித்தேன். பிறகு என் எதிரில் ஆளே இல்லை. சீட்டைப் பார்ப்பதற்குள்ளேயே எனக்கு முன்னால் எல்லாரும் போய்விடுகிறார்கள். நல்ல சீட்டு வந்தாலும் ஒன்றுதான், வராவிட்டாலும் ஒன்றுதான். நான் ஜெயிக்கவில்லை, இந்தக் கை ஜெயிக்கிறது. ஒரே ஒரு முறை யாராவது "காட்டு பாக்கலாம்" என்று சொல்ல மாட்டார்களா என்று ஏங்கிப்போனேன். உண்மையைச் சொன்னால் பாவம் பார்த்து விட்டுக்கொடுத்து ஆடுவார்களே என்று அதற்கும் வாய் வரவில்லை. 

நீங்கள் மூன்று ராஜாவைக் கவிழ்த்தீர்கள் என்று படித்தபோது அழுதுவிட்டேன். நீங்களாவது மோதுவீர்கள் என்று நினைத்திருந்தேன்.

உங்கள் மச்சான்

*

செப்டம்பர் 2

அன்புள்ள மச்சானுக்கு,

உன் கடிதத்தை அக்காவே படித்துக் காட்டினாள். பாதியில் தாளை என் கையில் கொடுத்துவிட்டாள், மீதியை நான் படித்தேன். ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது.

முதலில் என் வேலையை முடிக்கிறேன். கை நடுங்கினால் நல்ல சீட்டு என்று நான் போட்ட விதி இன்றோடு ரத்து. வாத்தியாருக்கும் தையல்காரம்மாவுக்கும் காரணத்தை நான் சொல்ல மாட்டேன், அது உன் வீட்டு மேசை, நீ சொல்ல வேண்டும். விட்டுக்கொடுப்பார்கள் என்று பயப்படாதே. தோற்றுப்போன தையல்காரம்மா ஒருமுறை என்னை வாசல்வரை விரட்டிவந்தது மறந்துவிட்டதா? அவர் விட்டுக்கொடுக்கிற ரகமா? வாத்தியார் தன் சொந்தப் பேரனிடமே ஜெயித்துவிட்டு ஊர்வலம் வருகிற ஆள்.

இரண்டாவது, டாக்டர். பெயர் வைத்தால் வைக்கட்டும். பெயர் தெரியாத ஒன்றோடு நீ தனியாக ஆடியது போதும். வருகிற செவ்வாய் நான் வருகிறேன், சேர்ந்தே போகலாம். லீவு கேட்டாகிவிட்டது, மறுத்துப் பேசாதே.

மூன்றாவது, இந்தக் கடிதத்தோடு ஒரு பெட்டி வரும். அதில் மண் சில்லு. செராமிக்கை எனக்குத் திருப்பி அனுப்பிவிடு, பம்பு இயக்குகிறவர் கோப்பைப் படத்தைப் பற்றிக் கேள்விப்பட்டதிலிருந்து அந்தச் செட் தனக்கு வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். நானும் ஒரு மண் சில்லைக் கையில் வைத்து உருட்டிப் பார்த்தேன். நீ சொன்னது சரிதான், அது பிடித்துக்கொள்கிறது.

அக்கா ஏதோ எழுத வேண்டுமாம். பேனாவைப் பிடுங்குகிறாள்.

உன் அத்தான்

டேய் தம்பி, என் முழங்காலை ரெண்டு கடுதாசியில விசாரிச்சியே, உன் கையப் பத்தி ஒரு வரி எழுத முடியலயா? வரட்டும், நேர்ல வச்சுக்கறேன். செவ்வாக்கிழமை நானும் வரேன். இவரத் தனியா அனுப்பினா டாக்டர்கிட்டயும் சீட்டாட்டம் பேசிட்டு வந்துடுவாரு. டீயைப் பாதி ஊத்தினா அது ஆறிப்போகும், உன் பொண்டாட்டிகிட்ட மூடி போட்ட கோப்பை ஒண்ணு வாங்கச் சொல்லு. தைரியமா இரு.
அக்கா

*

அக்டோபர் 20

அன்புள்ள அத்தானுக்கும் அக்காவுக்கும்,

நான் நலம். உங்கள் தங்கச்சியும் பாப்பாவும் நலம். இந்த முறை வரிசையை மாற்றி எழுதியிருக்கிறேன், கவனித்தீர்களா?

எழுத்து எவ்வளவு பெரிசாக இருக்கிறது பாருங்கள். டாக்டர் சொன்னபடி அகலக் கோடு போட்ட நோட்டில், மேல்கோட்டையும் கீழ்க்கோட்டையும் தொட்டுத் தொட்டு எழுதுகிறேன். ஒரு பக்கத்தில் கொஞ்சம்தான் அடங்குகிறது. ஆபீஸிலிருந்து தாள் அனுப்புவதாகச் சொன்னீர்களே, இப்போது அனுப்பலாம்.

அன்றைக்கு டாக்டர் சொன்ன நடுக்குவாதத்துக்கு மாத்திரை தொடங்கி ஆறு வாரம் ஆகப்போகிறது. நடுக்கம் குறைந்திருக்கிறது, போகவில்லை. போகாது என்றும் சொல்லிவிட்டாரே, நீங்களும் கூடத்தான் இருந்தீர்கள். பெயர் தெரிந்த பிறகு பயம் போய்விட்டது என்று எழுதினால் அது பொய். ஆனால் தூக்கம் வருகிறது.

முதலாளியம்மாவிடமும் சொன்னேன். "மாதிரிப் பல்ல அவங்களையே புடிக்கச் சொல்றீங்கன்னு கவனிச்சேன். அதுல தப்பு வரல, அப்படியே செய்யுங்க" என்றார். நிறம் பார்க்கும் வேலை எனக்கே என்று உறுதியாகிவிட்டது. தூரிகையை என் மேசையிலிருந்து எடுத்து வேறொருவருக்குக் கொடுத்தேன். அன்றைக்கு வீட்டுக்கு நடந்தே வந்தேன்.

மேசைக்கு வருகிறேன். சொல்வதற்குச் சந்தர்ப்பம் தேடித் தேடி இரண்டு சனிக்கிழமையை ஓட்டிவிட்டேன். போன வாரம் சீட்டுப் போடுவதற்கு முன்னால் சொல்லிவிட்டேன். "எனக்குக் கை ஆடறது வியாதி. சீட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. யாரும் அதப் பாத்து ஆடாதீங்க." தையல்காரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வாத்தியார் மட்டும் மெதுவாகக் கேட்டார், "அப்ப இத்தன மாசமா நான் கவிழ்த்ததெல்லாம்?" நான் தலையாட்டினேன். "எல்லாமா?" என்றார். "பெரும்பாலும் வெறும் சீட்டுதான்" என்றேன். மனுஷர் முகம் சிவந்து, வருத்தப்படுவதா கோபப்படுவதா என்று தெரியாமல் கோபத்தைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார். எனக்கு அது எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா!

ஆட்டம் தொடங்கியது. எனக்கு வந்தது வழக்கம்போல ஒன்றுக்கும் உதவாத இரண்டு சீட்டு. ஆனாலும் ஆடிப்பார்க்க ஆசை. மண் சில்லு முழுவதையும் ஒரே அடுக்காக அடுக்கினேன். அடுக்க முடிந்தது அத்தான். இரண்டு கையாலும் பிடித்து நடுவில் தள்ளினேன். கை நன்றாகவே ஆடியது. அடுக்கு ஆடியதே தவிரச் சரியவில்லை. சத்தமும் இல்லை. முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டேன்.

தையல்காரம்மா என் கையைப் பார்க்கவில்லை, கண்ணைப் பார்த்தார். ரொம்ப நேரம் யோசித்துவிட்டுக் கவிழ்த்தார். உங்கள் தங்கச்சியும் கவிழ்த்தாள். வாத்தியார் கவிழ்க்கவில்லை. தாடையைச் சொறிந்தார், தன் சீட்டைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார், என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தன்னுடைய சில்லையெல்லாம் தள்ளிவிட்டு உரக்கச் சொன்னார்.

"காட்டுங்க பாக்கலாம்."

காட்டினேன். தோற்றேன். ஒரு சில்லு மிச்சமில்லாமல் தோற்றுப்போனேன்! வாத்தியார் நாற்காலியை விட்டு எழுந்து நின்று இரண்டு கையையும் தூக்கிவிட்டார். பழைய பாக்கியையெல்லாம் ஒரே ஆட்டத்தில் தீர்த்துக்கொண்ட மாதிரி ஒரு சிரிப்பு.

கோப்பைகளை எடுக்க உங்கள் தங்கச்சி எழுந்தாள். தையல்காரம்மா அவள் கையைப் பிடித்து உட்காரவைத்து, "யாரு தோத்தாங்களோ அவங்கதான் கழுவணும். நீ ஏன் எந்திரிக்கிற?" என்று அதட்டினார்.

எல்லாக் கோப்பையையும் நான்தான் கழுவினேன் அத்தான். ஒன்று உடைந்தது. அடுத்த முறை வரும்போது ஒரு கோப்பை வாங்கி வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் மச்சான்